ஏழாவது அட்டை

மிஷ்கோல்ட்ஸ்
11 நவம்பர் 1979

போரி அக்காவுக்கு,

நீயும் சுகம், நானும் சுகம் என்று ஆரம்பித்தால் நாம் இரண்டு பேருமே நம்பமாட்டோம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் கிங்காவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நூலக வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போனேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் என்னை உட்கார வைத்துத்தான் பேசினார். என் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டே இருந்தது.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணும்மா. சத்தமில்ல, சண்டையில்ல. ஆனா கணக்குப் புதிருக்குக் கலர் வில்லைய முன்னால வெச்சு, எது எங்கன்னு கேட்டா வைக்கமாட்டேங்கறா. என் மூஞ்சியவே பாக்கறா. மணி அடிக்கிற வரைக்கும் பாக்கறா."

நான் சொன்னேன், வீட்டில் இதையெல்லாம் நொடியில் செய்கிறாள் என்று. டீச்சர் சிரிக்கவில்லை. எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

ஜனவரி பதினேழாம் தேதி பரிசோதனை. அதில் தேறவில்லை என்றால் மந்தம் என்று ஒதுக்கிய பிள்ளைகளின் அந்தப் பள்ளிக்கு அவளை மாற்றிவிடுவார்கள். எந்தப் பள்ளி என்று உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் எங்கள் டிராமில்தான் போவார்கள். அவர்கள் ஏறினால் பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். நானும் இழுத்திருக்கிறேன் அக்கா. அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வில்மோஷிடம் சொன்னேன். "எனக்குந்தான் கணக்கு வரல. உருக்காலையில இரும்பு என்னப் பாத்துக் கணக்கா கேக்குது?" என்று பெற்ற அப்பாவே சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவள் செய்வது பொய்யில்லை. மரத்தடியில் உதிர்ந்த குதிரைக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து தீக்குச்சி குத்தி முள்ளம்பன்றி, குதிரை, நத்தை என்று மூன்று பண்ணினோம். மூன்று தீப்பெட்டிக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் அடித்தேன். அதுதான் வீடுகள். முள்ளம்பன்றி சிவப்பு வீட்டில் இல்லை. குதிரை சிவப்பிலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை. யார் எங்கே என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் சரி. மந்தமான பிள்ளைக்கு இது வருமா?

உன் வகுப்பில் இந்த மாதிரிப் புதிர்களை அட்டையில் எழுதி வைத்துப் பொருட்களோடு சொல்லிக்கொடுக்கிறாய் என்று தெரியும். எனக்குக் கொஞ்சம் எழுதி அனுப்பு. ஆகஸ்டில் நடந்ததை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிடாதே. எனக்காக இல்லை, அவளுக்காக.

இல்மா


மகோ
18 நவம்பர் 1979

இல்மா,

கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் நடந்ததை வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன் என்று எங்கேயும் எழுதவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அன்றைக்குப் பிளம் ஜாம் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. "கிங்காவச் சித்த நேரம் தனியா விடேண்டி" என்றுதான் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பெத்தவளுக்குத்தாங்க்கா தெரியும்" என்றாய். சரி. எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.

பத்து அட்டை இத்துடன் இருக்கிறது. புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. முப்பத்தாறு பிள்ளைகள், இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒவ்வொரு அட்டையும் பதினெட்டுப் பிரதி கையால் எழுத வேண்டும். பள்ளிக்கு வந்த வில்லைப் பெட்டிகள் ஏழு. மீதியை நானே அட்டையில் வெட்டிச் சாயம் பூசுகிறேன். கத்தரிக்கோல் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பு வந்துவிட்டது. உனக்கு எழுதியது பத்தொன்பதாவது பிரதி. எழுத்து ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்று வண்ணக் கோப்பைகள், ஒரு பொத்தான், ஒரு பீன்ஸ் விதை, ஒரு வாதுமைக் கொட்டை போதும். விடை அட்டையின் பின்னால் இருக்கிறது. அவளுக்குக் காட்டாதே. சாமானை அவள்தான் தொட வேண்டும், நீ தொடக் கூடாது. அவசரப்படுத்தாதே. ஒரு நாளைக்கு ஒன்று.

போர்பாலா


மிஷ்கோல்ட்ஸ்
2 டிசம்பர் 1979

அன்புள்ள அக்கா,

பத்தையும் போட்டுவிட்டாள். பத்தும் சரி.

நீ சொன்னபடியே செய்தேன். நான் எதையும் தொடவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அட்டையைப் படிப்பேன், பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். அவள் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பைக்கு மேலும் மெல்லக் கொண்டுபோவாள். ஒன்றில் நிற்பாள். வைத்துவிடுவாள். பார்க்கவே அழகாக இருக்கும். ஏழாவது அட்டையை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரே தடவையில் வைத்தாள். அது கஷ்டமானது என்று எனக்கே தோன்றியது. பின்னால் பார்க்காமல் எனக்கு வரவில்லை.

நூலகத்தில் இருந்து வந்ததும் சமையல், துணி, பிறகு கோப்பைகள். நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் இப்போதுதான் மூச்சு வருகிறது. வில்மோஷ்கூட அசந்து போனார். "இவ எங்க குடும்பத்துப் பிள்ளையே இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார்.

பள்ளியில் மட்டும் அதே கதைதான். நேற்றும் ஒன்றும் வைக்கவில்லையாம். அந்த டீச்சர் சிடுசிடுப்பாக இருப்பார், அதில் பயந்துபோயிருப்பாள். பரிசோதனையில் நல்ல மாதிரி யாராவது இருந்தால் போதும்.

இன்னும் பத்து அனுப்புவாயா? கஷ்டமானதாகவே அனுப்பு.

இல்மா


மகோ
9 டிசம்பர் 1979

இல்மா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை என் வகுப்புக்கு ஏழாவது அட்டையைக் கொடுத்தேன். கொடுத்து ஐந்து நிமிடத்தில் சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒரே மேசையில் இருக்கும் பெர்கோவும் மார்கித்தும் அடிதடிக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் என்றால் பிள்ளைகளுக்கு அத்தைதானே, என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள்.

"அத்த, கொட்ட சிவப்புலதான இருக்கு? இவ நீலத்துலங்கறா."

"நீலத்துலயும் வருது அத்த. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. வெங்காயம்."

வெங்காயத்துக்குப் பேர்போன மகோவில் அது திட்டே இல்லை. ஆனாலும் பெர்கோ கோப்பையைத் தூக்கி எறிந்தான். பின் வரிசையிலும் சண்டை. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கடைசியில் மார்கித் அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "இது ஆகாது அத்த. நீங்க ஏதோ சொல்லாம விட்டுட்டீங்க" என்றாள்.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் புதிருக்கு இரண்டு வரி. 'விதை சிவப்பில் இல்லை.' 'பொத்தான் சிவப்பிலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை.' முதல் பிரதி எழுதும்போதே இரண்டாவது வரியை விட்டிருக்கிறேன். தூக்கக் கலக்கம். அதைப் பார்த்தே மற்றதையும் எழுதியிருக்கிறேன். உன்னுடையதிலும் ஒரு வரிதான் இருக்கும். எடுத்துப் பார்.

விதை சிவப்பில் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நாலு விதமாக அடுக்கலாம். சமையலறை மேசையில் அடுக்கியே பார்த்தேன். நாலில் எதையும் தப்பென்று சொல்ல முடியாது. முப்பத்தாறு பிள்ளைகளால் முடியாததைக் கிங்கா கேள்வி கேட்காமல் ஒரே தடவையில் வைத்தாள், அதுவும் அட்டையின் பின்னால் இருந்தபடியே வைத்தாள் என்று நீ எழுதியிருக்கிறாய்.

அதிர்ஷ்டமாக இருக்கலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் யோசிக்கிற பிள்ளை அங்கே நின்றிருக்கும். நச்சரித்திருக்கும். இவள் நிற்கவில்லை. அந்த அறையில் விடை தெரிந்தது உனக்கு மட்டும்தான். அவள் டீச்சர் சொன்னதை நீயே எழுதியிருந்தாய், முகத்தையே பார்க்கிறாள் என்று.

இல்மா, அவள் கோப்பைகளைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கிறாள். நீ வாய் திறக்க வேண்டியதே இல்லை.

போர்பாலா


மிஷ்கோல்ட்ஸ்
16 டிசம்பர் 1979

அக்கா,

நீ வரியை விட்டுவிட்டு எழுதுவாய். குற்றம் என் பிள்ளைமேல் வரும். நன்றாக இருக்கிறது.

பதினெட்டு வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாய். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் என்ன செய்வது என்று உனக்குத் தெரியவேண்டிய அவசியம் வந்ததில்லை. என் பிள்ளையை ஏமாற்றுக்காரி என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக வில்மோஷிடம் சொல்லியிருந்தாயாம். வரவேண்டாம். வீடு சின்னது.

இல்மா


மிஷ்கோல்ட்ஸ்
29 டிசம்பர் 1979

போரி அக்கா,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். இதையாவது படி.

உன்மேல் இருந்த கோபத்தில்தான் செய்து பார்த்தேன். உன்னைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்று. அலமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது அட்டையில் வண்ணங்களை மட்டும் மாற்றி உரக்கப் படித்தேன். மூன்றாவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சத்தமே இல்லை.

"வெச்சாச்சா கிங்கா?"

"நீ வெளிய வாம்மா."

"வெச்சுட்டுக் கூப்பிடு, வரேன்."

"நீ வராம எப்படி வைக்கறது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்று பொருளும் அவள் மடியில் இருந்தன. அவள் அழவில்லை. நான் ஏதோ வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன்டி வைக்கவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தப்பான கோப்பைகிட்ட போனா நீ மூச்சு விடமாட்ட. சரியானதுகிட்ட போனா விடுவ. அதானம்மா விளையாட்டு?"

அவள் ஏமாற்றவில்லை அக்கா. இதுதான் விளையாட்டின் விதி என்றே நினைத்திருக்கிறாள். டீச்சருடைய மூச்சு அவளுக்குப் பிடிபடவில்லை, அதனால் மணி அடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. அந்தத் தீப்பெட்டி வீடுகள்கூட இப்படித்தான் இருந்திருக்கும். அதற்கு முன்னாலும் இருந்திருக்கும்.

வில்மோஷிடம் சொன்னேன். அவர் சூப்பைக் குடித்து முடித்தார். பிறகு, "நானுந்தான் இந்த வீட்டுல உன் மூச்சப் பாத்துட்டு நடக்கறேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், அவள் என் கையைப் பார்க்கிறாள். வெளியே போனால் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. உடம்பு அலுப்பு இல்லை, என்னோடு நானே இருப்பது அலுத்துவிட்டது.

ஆகஸ்டில் சொன்னதற்கும் போன கடிதத்துக்கும் வருத்தப்படுகிறேன். இந்தத் தடவை எழுதிவிட்டேன்.

இல்மா


மகோ
3 ஜனவரி 1980

இல்மா,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் அடுப்புக் குழாய் அடைத்துக்கொண்டு வீடெல்லாம் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். புகையால் என்று வைத்துக்கொள்.

நீ ஆகஸ்டில் சொன்னது எனக்குள் கிடக்கிறது. கிடக்கட்டும். வயதாகிக்கொண்டிருக்கிறது, எதுவும் உடனே கரைவதில்லை. இப்போது அதற்கு நேரம் இல்லை.

முகத்தை மூடிக்கொள்வதெல்லாம் நடக்காது. எனக்கும் ஒரு காலத்தில் இதே கூத்து நடந்தது. ஜன்னலைப் பார்த்து நின்றால் என் முதுகைப் படித்தார்கள். விடை தெரிந்தவளின் உடம்பில் விடை இருக்கும். ஒரே வழிதான். உனக்கே விடை தெரியக் கூடாது.

பன்னிரண்டு அட்டை அனுப்புகிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். எல்லாவற்றிலும் நாலு கோப்பை, நாலு சாமான். மனதுக்குள்ளேயே போட்டுவிட முடியாது. நீயும் அவளோடு உட்கார்ந்து கையில் எடுத்துப் போடு. உனக்கு ஒரு கோப்பை வரிசை, அவளுக்கு ஒரு வரிசை, நடுவில் ஒரு அட்டைப்பெட்டியைத் தடுப்பாக வை. முடிந்த பிறகு பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு பேரும் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். சிலதில் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன். ஆகாது என்று அவள் வாயால் வர வேண்டும்.

இரண்டு வாரம் இதற்குப் போதாது. சும்மா ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் அழுவாள், நீயும் அழுவாய். தப்பு தப்பாக வைப்பாள். முன்னால் பத்துக்குப் பத்து வாங்கியவள் இப்போது ஒன்றும் வாங்கமாட்டாள். பார்ப்பதற்கு மோசமாகிவிட்ட மாதிரி இருக்கும். அதைத் தாங்கிக்கொள்.

மூச்சைப் படிக்கிற பிள்ளைக்கு மூளை குறைவு என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

போரி


மிஷ்கோல்ட்ஸ்
13 ஜனவரி 1980

அக்கா,

நீ சொன்னது எல்லாம் நடந்தது. சொல்லாததும் நடந்தது.

முதல் மூன்று நாள் அவள் சாமானைத் தொடவே இல்லை. தடுப்புக்கு மேலே எக்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு விடை தெரியாது, என் முகத்தில் என்ன இருக்கும்? காலி வீட்டில் சாமான் தேடுகிற மாதிரி தேடினாள். நாலாவது நாள் மஞ்சள் கோப்பையைத் தரையில் அடித்தாள். "நீ விளையாட்ட மாத்திட்ட. சொல்லாம மாத்திட்ட" என்று அழுதாள். சத்தம் கேட்டு மேல் மாடி அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். "பிள்ளைய அடிக்கறீங்களா?" என்று கேட்டாள். இல்லை, புதிர் போடுகிறோம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

பள்ளியில் இதுவரைக்கும் வாயாவது மூடிக்கொண்டிருந்தாள், இப்போது அழுகிறாளாம். டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் எனக்கு முன்னாலாவது கெட்டிக்காரியாக இருந்திருப்பாள்.

ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை இரண்டு பேரும் ஐந்தாவது அட்டையைப் போட்டு முடித்துப் பெட்டியை எடுத்தோம். அவள் வரிசை வேறு, என் வரிசை வேறு. நான் வரிகளைப் படிக்கப் படிக்க அவள் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அம்மா, நீ தப்பு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பார்த்தேன், நான்தான் தப்பு.

பன்னிரண்டில் இதுவரை நாலுதான் சரி. வியாழன் வரப்போகிறது. நூலகத்தில் புத்தகத்தை எல்லாம் வேறு வேறு அடுக்கில் வைத்துவிட்டேன் என்று திட்டு வாங்கினேன்.

இல்மா


மிஷ்கோல்ட்ஸ்
20 ஜனவரி 1980

போரி அக்கா,

முடிந்தது. தந்தி அடிக்கலாமா என்று நினைத்தேன், ஆனால் நாலு வார்த்தையில் சொல்ல முடியாது.

என்னை உள்ளே விடவில்லை. நடையில் ஒரு பெஞ்சு, ஈரக் கோட்டுகளின் வாசனை. எனக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் பையன் அரை மணியில் வெளியே வந்துவிட்டான். கிங்கா வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் கதவு இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியில் பரிசோதனை செய்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். வயதானவர், ஜலதோஷம் வேறு. முன்னால் ஒரு தாளை வைத்துக்கொண்டு தும்மித் தும்மிச் சொன்னார். எட்டுப் புதிரில் மூன்று சரி, இரண்டு தப்பு. மூன்றைத் தொடவே இல்லை. நேரம் போதவில்லை.

நான் வாய்விட்டே கேட்டேன். மூன்று என்றால் அந்தப் பள்ளிதானே?

"மதிப்பெண்ணப் பாத்தா அப்படித்தாம்மா" என்றார். "ரொம்ப மெதுவு. முதல்ல பத்து நிமிஷம் என்னையவே பாத்தா. எனக்குத்தான் பழக்கமாச்சே, நான் பாட்டுக்குக் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன். அப்புறம் என்ன நெனச்சாளோ, வில்லையக் கையில எடுத்தா. அதுக்கப்புறம் நான் ஒருத்தி இருக்கேன்னே மறந்துட்டா. ஒண்ண வெப்பா, எடுப்பா, திருப்பி வெப்பா. நாலாவதுல நேரமாச்சு, போதும் கண்ணுன்னேன். என்ன சொன்னா தெரியுமா உங்க பொண்ணு?"

நான் பயந்துகொண்டே கேட்டேன்.

"'கொஞ்சம் பேசாம இருங்க அத்த, நான் இன்னும் முடிக்கல'ன்னா. முப்பது வருஷத்துல என்னை யாரும் அப்படி அதட்டினதில்ல."

தாளில் என்னவோ எழுதினார், முத்திரை குத்தினார். இப்போதைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும், ஜூனில் மறுபடி பார்க்கலாம் என்று இருக்கிறது. தேறிவிட்டாள் என்று இல்லை, தேறவில்லை என்றும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். உட்காரட்டும்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை. தூக்கம்தான் வருகிறது. ஜூன் வரை இதே கோப்பைகள், இதே தடுப்பு. பள்ளியில் அவள் இன்னும் அழுவாள். உன் அட்டைகளில் எட்டு மீதி இருக்கிறது. பிப்ரவரியில் அரையாண்டு லீவுக்கு வா. வீடு சின்னதுதான், ஆனால் வா. படுக்கையை நீ எடுத்துக்கொள், நான் கிங்காவோடு படுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது டிராம் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் சுடச்சுட பொகாச்சா ரொட்டி போட்டிருந்தார்கள். இரண்டு வாங்கினேன். டிராமில் உட்கார்ந்ததும், "பசிக்குதாடி?" என்று கேட்டேன். இத்தனை வருடமாக அவள் இதற்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போதுதான் எனக்கு அது புரிகிறது. பசிக்க வேண்டும் என்று நான் நினைத்தால் அவளுக்குப் பசிக்கும்.

அன்றைக்கு என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி வயிற்றில் கை வைத்து யோசித்தாள். ஒரு நிறுத்தம் போயிற்று, இன்னொரு நிறுத்தமும் போயிற்று.

"இல்லம்மா. பசிக்கல" என்றாள்.

இரண்டையும் நானே தின்றேன்.

இல்மா